பிராந்து எண்ணும் காலம்

ஊரில் கோழி வளர்த்த வீடுகளில் பிறந்தவர்களுக்குப் பிராந்து என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. முற்றத்தில் ஒரு நிழல் வட்டமிட்டால் அதை முதலில் அறிவது தாய்க்கோழிதான். அதன் குரல் மாறியதும் குஞ்சுகள் செட்டைக்குள் ஓடிவிடும். குசினிக்குள் இருந்து அம்மம்மா அகப்பையோடு வெளியே வந்து வானத்தைப் பார்த்துச் சத்தம் போடுவார். நாங்களும் சேர்ந்து கத்துவோம். பிராந்து எமக்கு ஒரு கள்ளன். கோயில் திருவிழாவில் தேருக்கு மேலே செம்பிராந்து வட்டமிட்டால் மட்டும் அது கருடனாகிவிடும். கைகள் தாமாகவே குவியும்.

அப்படிப்பட்ட பிராந்துகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்காகவே மடிப்புக் கதிரையும் தேநீரும் கொண்டுவந்து காலை முதல் பிற்பகல் வரை காத்திருக்கும் மனிதர்கள் ரொறன்ரோவில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நாம் சிரித்தோம். சம்பளம் இல்லை. வேட்டையும் இல்லை. எண்ணுவது, எழுதுவது, வீட்டுக்குப் போவது, மறுநாள் திரும்பி வருவது. இதுவும் ஒரு வேலையா என்று கேட்டோம். சென்ற புரட்டாதியில் நாம் சில குடும்பங்கள் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். இப்போது சிரிப்பதில்லை.

வானத்தைப் பார்க்க மறுத்தவர்கள்

போவதற்கு முன்னர் ஒரு சிறு சிக்கல் இருந்தது. எம்மில் சிலர் வர விரும்பவில்லை. அதற்குக் காரணம் பறவையல்ல, வானம்.

ரொறன்ரோவில் ஒவ்வோர் ஆண்டும் செப்ரெம்பர் முதல் வாரத்தையொட்டி வரும் தொழிலாளர் தின வார இறுதியில் ஏரிக்கு மேலே விமானக் கண்காட்சி நடைபெறும். அதற்கு முன்னரே ஒத்திகையும் நடக்கும். போர் விமானங்கள் நகரத்தின் மேலாகத் தாழப் பறக்கும். இங்கு பிறந்தவர்களுக்கு அது வேடிக்கை. எம்மவர்களுக்கு அப்படியல்ல. பொம்பர் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்களின் கால்கள், இங்கே பத்தாம் மாடியில் நின்றாலும் ஓடத்தான் பார்க்கின்றன. போர் 2009 இல் முடிந்தது. ஆனால் காதுக்கு அது இன்னும் தெரியாது. எமக்குத் தெரிந்த ஒரு தாய், வந்த முதல் ஆண்டில் அந்தச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் இருந்துவிட்டார்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வார இறுதியில் கேட்கும் சத்தம் கண்காட்சி மட்டுமே. வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதல்நாளே சொல்லி வையுங்கள்.

பிராந்து எண்ணும் காலம் தொடங்குவதும் அதே செப்ரெம்பரில்தான். மேலே சொன்ன தாயும் எங்களோடு வந்தார். பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல் வந்தார் என்பதே உண்மை.

பிராந்துகள் ஏன் ரொறன்ரோவுக்கு மேலாகப் போகின்றன?

கியூபெக்கிலும் ஒன்ராறியோவின் வடக்குக் காடுகளிலும் கோடையைக் கழிக்கும் பிராந்துகள் குளிர் தொடங்குமுன் தெற்கே புறப்படுகின்றன. எதிரே குறுக்கே கிடக்கிறது ஒன்ராறியோ ஏரி. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளம். நேராகக் கடந்தால் தூரம் குறைவுதானே என்று நாம் நினைப்போம். பிராந்துகள் அப்படி நினைப்பதில்லை.

அதற்குக் காரணம் அவை பறக்கும் முறை. அகன்ற சிறகுள்ள பறவை ஒவ்வோர் அடிக்கும் சிறகடித்துக்கொண்டு போனால் விரைவில் களைத்துவிடும். ஆகவே அது வெயிலைப் பயன்படுத்துகிறது. வெயிலில் சூடேறும் நிலத்திலிருந்து, அதாவது வயல், கூரை, கார் நிறுத்துமிடம் என்பவற்றிலிருந்து, சூடான காற்று மேலெழுகிறது. அந்தக் காற்றுக்குள் புகுந்து சிறகை விரித்தபடி வட்டமிட்டால் செலவில்லாமல் மேலே போய்விடலாம். உச்சிக்குப் போனதும் சிறகைச் சற்று ஒடுக்கி அடுத்த காற்றுத்தூண் வரை வழுக்கிக்கொண்டு போகலாம். தைமாதக் காற்றில் கொக்குப்பட்டமும் எட்டுமூலைப்பட்டமும் ஏற்றிய எம்மவர்களுக்கு இது நன்றாக விளங்கும். நூலைப் பிடித்திருப்பது நாமானாலும் ஏற்றுவது காற்றுத்தான்.

குளிர்ந்த ஏரி நீருக்கு மேலே இந்தச் சூடான காற்று எழுவதில்லை. நீருக்கு மேலே போகும் பிராந்து முழுத் தூரமும் சிறகடிக்க வேண்டும். ஆகவே வடகரைக்கு வந்ததும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை மேற்கே திரும்பிக் கரையோரமாகவே போகின்றன. அந்தக் கரையில் இருப்பவைதான் விற்பி, ஸ்காபரோ, ரொறன்ரோ, மிசிசாகா. வடமேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் அது பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிவிடும். அன்று எமது தலைக்கு மேலாகவே ஊர்வலம் போகும்.

கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்களும், நாலைந்து நாடுகளைச் சுற்றி இங்கு வந்து சேர்ந்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். நேர்வழி இருக்கச் சுற்றுவழியால் போகவேண்டி வருவது என்னவென்று எமக்குத் தெரியும்.

நாம் போன நாள்

நாம் போனது ஹை பார்க் பூங்காவுக்கு. ரொறன்ரோ நகரின் மேற்குப் பக்கத்தில் 161 ஹெக்ரேயர் பரப்புள்ள இந்தப் பூங்காவின் ஒரு பகுதி, ஜோன் ஹவார்ட் என்பவர் 1873 இல் நகரத்தோடு செய்த உடன்பாட்டினால் பொதுமக்களுக்குக் கிடைத்தது. பூங்காவின் நடுவேயுள்ள உணவகக் கட்டடத்துக்கு வடக்கே ஒரு சிறு மேடு இருக்கிறது. அதற்குப் பிராந்து மேடு என்றே பெயர். செப்ரெம்பர் தொடக்கத்திலிருந்து நவம்பர் முடியும் வரை தொண்டர்கள் அங்கு நின்று எண்ணுகிறார்கள். 1990களிலிருந்து இது நடந்துவருகிறது.

முதல்நாள் மழை பெய்து ஓய்ந்து, காற்று வடமேற்குக்கு மாறியிருந்தது. காலை ஒன்பது மணிக்குப் போனோம். பெரும்பாலும் வயதானவர்கள், தொப்பி, கழுத்தில் பைனொக்குலர். ஒருவர் கையில் எண்ணும் பொறி. இன்னொருவர் கையில் மணித்தியாலத்துக்கு ஒரு வரியாகக் கோடிட்ட தாள். எந்த இனம், எத்தனை, காற்று எந்தப் பக்கம், முகில் எவ்வளவு, வெப்பநிலை என்ன என்று எல்லாம் அதில் எழுதப்படும்.

முதல் ஒரு மணித்தியாலம் ஒன்றுமில்லை. ஒரு காகம், சில புறாக்கள். தாளில் அந்த மணித்தியாலத்துக்கு அவர்கள் பூச்சியம் என்று எழுதினார்கள். எம்மோடு வந்த சிறுவன் ஒருவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒன்றும் வராததை ஏன் எழுத வேண்டும் என்று கேட்டான். பார்த்தோம், ஆனால் இல்லை என்பதும் ஒரு செய்திதான் என்று அந்த மனிதர் சொன்னார். பார்க்காமல் விட்ட மணித்தியாலமும், பார்த்தும் ஒன்றும் வராத மணித்தியாலமும் ஒன்றல்ல.

பத்தரை மணியளவில் வெயில் ஏறியது. வடகிழக்குப் பக்கம் ஒரு பொட்டு. பிறகு மூன்று. பிறகு பார்க்கும் இடமெல்லாம் பொட்டுகள். ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மேலேறிக்கொண்டிருந்தன. இப்படிச் சுழலும் கூட்டத்தை இங்குள்ளவர்கள் கேத்தில் என்கிறார்கள். எமது அடுப்பிலிருக்கும் அதே கேத்தில்தான். கொதிக்கும் நீரில் குமிழிகள் சுழல்வதுபோல இருப்பதால் அந்தப் பெயர் என்று சொன்னார்கள்.

அவை 'புரோட் விங்ட் ஹோக்' எனப்படும் அகன்ற சிறகுப் பிராந்துகள். எங்கள் காகத்தின் அளவுதான். ஒன்றின் நிறை அரைக் கிலோவுக்கும் குறைவு. வாலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். இவை செப்ரெம்பர் நடுப்பகுதியில் ஏறத்தாழ இரண்டு கிழமைக்குள் இப்பகுதியைக் கடந்துவிடும். ஏரியைச் சுற்றி, வின்சர் பக்கமாக டிற்றோயிற் ஆற்றைத் தாண்டி, ரெக்ஸாஸ், மெக்சிக்கோ, பனாமா வழியாகத் தென் அமெரிக்கக் காடுகள் வரை ஏறத்தாழ 7000 கிலோமீற்றர் போகின்றன. மெக்சிக்கோவின் வெராகுரூஸ் மாநிலத்தில் மலைக்கும் கடலுக்கும் இடையே வழி குறுகுவதால், அங்கு ஓர் இலையுதிர் காலத்தில் எண்ணப்படும் இரைகொல்லிப் பறவைகள் 40 இலட்சத்துக்கும் மேல்.

சுழலும்போது எண்ண முடியாது. எண்ணினால் ஒன்றையே இரண்டுதரம் எண்ணிவிடுவோம். உச்சிக்குப் போய் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வழுக்கத் தொடங்கும்போதுதான் எண்ண வேண்டும். அது எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. நாமும் எண்ணினோம். எமது எண்ணிக்கை அவர்களுடையதில் பாதிகூட வரவில்லை.

ஆனால் ஒரு விடயத்தில் எம்மவர் ஒருவர் அவர்களை வென்றுவிட்டார். பிள்ளைகளின் கரைச்சலால் வந்த அந்தத் தாய் முதலில் கீழே புல்லைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அம்மா, நிமிர்ந்து பாருங்கோ, அது பிளேன் இல்லை" என்று மகள் பலமுறை சொன்னபின் நிமிர்ந்தார். அதன்பிறகு பைனொக்குலர் இல்லாமலே, மற்றவர்கள் காணுமுன், "அங்கை ஒண்டு. முகிலுக்குப் பக்கத்திலை" என்று காட்டத் தொடங்கினார். ஒன்றல்ல, ஐந்தாறு தடவை. எண்ணிக்கொண்டிருந்தவர் ஆச்சரியப்பட்டு, இவ்வளவு விரைவாக எப்படிக் காண்கிறீர்கள் என்று கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள்.

"அங்கை பழகின கண் எண்டு சொல்லு பிள்ளை," என்றார் தாய்.

மகள் ஒரு கணம் பேசாமல் நின்றாள். பிறகு, ஊரில் பழகிய பழக்கமாம் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, தமக்குப் பக்கத்திலிருந்த வெறும் கதிரையை அந்தத் தாய்க்குக் கொடுத்தார். மத்தியானம் வரை அவர் அதிலிருந்து எழும்பவில்லை.

எண்ணி என்ன பயன்?

இக்கேள்வியை நாமும் கேட்டோம். அதற்கான பதில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறது.

அங்கே ஹோக் மவுண்ரின் என்றொரு மலை முகடு. இலையுதிர் காலத்தில் பிராந்துகள் அதன் மேலாகப் போகும். அவற்றைச் சுட்டு விழுத்துவது ஒரு விளையாட்டாக இருந்தது. கோழிக்கும் காட்டுப் பறவைக்கும் எதிரி என்று 1929 இல் மாநில அரசே ஓரினப் பிராந்துக்குத் தலைக்கு 5 டொலர் பரிசும் அறிவித்திருந்தது. அகப்பையோடு ஓடிவந்த எங்கள் அம்மம்மாவின் கோபம் அங்கே துப்பாக்கியாக இருந்தது. 1934 இல் ரோசலி எட்ஜ் என்ற நியூயோர்க் பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்துச் சுடுவதை நிறுத்தினார். காவலுக்கு நியமித்தவர் மொரிஸ் புறூன். அவர் காவல் செய்ததோடு எண்ணவும் தொடங்கினார்.

அந்த எண்ணிக்கை முப்பது ஆண்டுகளின் பின் உதவியது. 1935 முதல் 1939 வரை அம்மலையைக் கடந்த வெண்தலைக் கழுகுகளில் 40 வீதம் இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை அது 20 வீதமாகக் குறைந்தது. 1957 இல் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஒன்றே ஒன்றுதான் இளையது. கழுகுகள் இருந்தன, குஞ்சுகள் இல்லை. றேச்சல் கார்சன் 1962 இல் வெளியிட்ட நூலில் இந்த எண்களை எடுத்துக்காட்டி, வயல்களிலும் காடுகளிலும் தெளித்த டி.டி.ரி. போன்ற நஞ்சுகளின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார். நஞ்சு பூச்சியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கழுகுக்கும் போய்ச் சேர்ந்து முட்டைக் கோதை மெலிதாக்கியது. அடைகாக்கும்போதே முட்டைகள் நொருங்கின. அமெரிக்கா 1972 இல் அதைத் தடைசெய்தது. கனடாவும் 1970களில் பாவனையைக் கட்டுப்படுத்தியது.

டி.டி.ரி. எமக்குப் புதிய பெயரல்ல. இலங்கையில் 1946 முதல் மலேரியாவுக்காக வீடுவீடாகச் சுவர்களில் அடித்த மருந்து அதுதான். அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே பொருள் சுவரில் நன்மையும், கணக்கின்றி வயலில் கொட்டியபோது தீமையும் செய்தது. அந்தத் தீமையை வெளியே கொண்டுவந்த சாட்சியங்களில் ஒன்று, மலையில் நின்று எண்ணிய ஒருவரின் குறிப்பேடு.

பலன் இன்று ரொறன்ரோவிலும் தெரிகிறது. கிழக்கு வட அமெரிக்காவின் பெரும் பகுதியில் 1960களில் இல்லாமற்போன பெரிகிறின் இராசாளிகள், வளர்த்து விடப்பட்டபின் 1990களில் இந்நகரின் உயர்ந்த கட்டடங்களின் விளிம்புகளில் கூடுகட்டத் தொடங்கின. அவற்றுக்குக் கட்டடமும் ஒரு மலைப்பாறைதான். 2024 இல் வெண்தலைக் கழுகுச் சோடி ஒன்று நகர எல்லைக்குள் கூடு கட்டியிருப்பது உறுதிசெய்யப்பட்டது. ரொறன்ரோவின் பதிவுகளில் அதுவே முதல்முறை.

வலசை என்ற சொல்

பறவைகள் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்வதை நாம் வலசை என்கிறோம். பழைய தமிழ் அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. பகைவரின் படைக்கு அஞ்சிக் குடிமக்கள் ஊரைவிட்டு வெளியேறுவதும் வலசைதான். எமது சொல் பறவைக்கும் எமக்கும் பொதுவானது.

வேறுபாடும் உண்டு. பிராந்து பங்குனி, சித்திரையில் திரும்பி வரும். எம்மில் பலருக்குத் திரும்பும் மாதம் எதுவென்று தெரியாது. ஆனால் இதே ஐப்பசி, கார்த்திகையில் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடலேரிகளிலும் வடக்கு ஆசியாவிலிருந்து வரும் பறவைகள் இறங்கிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் விராலடிப்பான் என்று சொல்லும் மீன்பிடிப் பிராந்து ஹை பார்க்குக்கு மேலாகவும் போகிறது, குளிர்காலத்தில் எமது கடலேரிகளிலும் மீன் பிடிக்கிறது. இராசாளியும் அப்படியே. அதே பறவைகளல்ல, ஆனால் அதே இனங்கள். ஊரிலுள்ள அம்மம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது பிள்ளைகள் சொல்வதற்கு இது ஒரு நல்ல செய்தி.

போக விரும்புவோருக்கு

போக்குவரத்து மிகச் சுலபம். ஸ்காபரோவில் கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறினால் மாறாமலே ஹை பார்க் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து நடைதூரம். அனுமதிக் கட்டணம் இல்லை. ஸ்காபரோவிலேயே கிங்ஸ்டன் வீதியில், ஏரிக்கரைக் குன்றின் மேலிருக்கும் றொசெற்றா மக்கிளெயின் தோட்டமும் பிராந்து பார்க்க நல்ல இடம். சக்கர நாற்காலியிலிருக்கும் முதியவர்களையும் அங்கு கூட்டிச் செல்லலாம்.

செப்ரெம்பர் 10 முதல் 25 வரை அகன்ற சிறகுப் பிராந்துகளின் காலம். செப்ரெம்பர் இறுதியிலும் ஒக்ரோபர் தொடக்கத்திலும் சிறிய பிராந்துகளும் இராசாளிகளும் வரும். ஒக்ரோபரில் செவ்வால் பிராந்துகளும், சிறகை வீ எழுத்துப் போல உயர்த்தி ஆடி ஆடிப் பறக்கும், 'ரேர்க்கி வல்ச்சர்' என்னும் செந்தலைக் கழுகுகளும் வரும். ஒக்ரோபர் கடைசியிலும் நவம்பரிலும் பொன்னிறக் கழுகைக் காணும் வாய்ப்புண்டு. மழை ஓய்ந்து வடக்கு அல்லது வடமேற்குக் காற்று அடிக்கும் நாளைத் தெரிவு செய்யுங்கள். தெற்குக் காற்றென்றால் வீட்டிலேயே இருக்கலாம்.

தொப்பி, தண்ணீர், சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போங்கள். அசையாமல் நிற்பதால் குளிர் கூடத் தெரியும். ஜாக்கற்றை மறக்க வேண்டாம். பைனொக்குலர் கட்டாயமில்லை. பழைய பொருள் விற்கும் இடங்களில் மலிவாகவும் கிடைக்கும். பெருங்கூட்டம் வரும்போது எண்ணுபவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். மற்ற வேளைகளில் என்ன கேட்டாலும் சந்தோசமாகச் சொல்வார்கள். உங்கள் ஆங்கிலம் எப்படியென்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் கடதாசிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்றும் கேட்பதில்லை.

உயர்நிலைப் பாடசாலைப் பிள்ளைகள் ஒன்ராறியோவில் சித்தியடைய 40 மணித்தியாலச் சமூக சேவை செய்ய வேண்டும். இதையும் அதற்குக் கணக்கில் எடுக்கலாமா என்று பாடசாலையிலும் எண்ணுபவர்களிடமும் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

பூங்காவுக்குப் போக நேரமில்லாதவர்கள் வருந்த வேண்டாம். எம்மில் பலர் வாழ்வது உயர்ந்த மாடிக் கட்டடங்களில். ஏரிப்பக்கமோ வடக்குப் பக்கமோ பார்க்கும் பல்கனி இருந்தால் அதுவே ஒரு பிராந்து மேடு. பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். திகதி, நேரம், காற்று, எண்ணிக்கை என்று நாலு கோடு கீறினால் போதும். ஒன்றும் வராவிட்டால் பூச்சியம் என்று எழுதச் சொல்லுங்கள்.

எங்களோடு வந்த அந்தத் தாயின் பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இப்போது அப்படியொரு கொப்பி தொங்குகிறது. அடுத்த தொழிலாளர் தின வார இறுதிக்கு விமானங்கள் திரும்ப வரும். அந்தச் சத்தம் அவருக்குப் பழகிவிடும் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அவை போனபின் அதே வானத்தில் வருபவற்றுக்காக அவர் ஒரு கதிரை வாங்கி வைத்திருக்கிறார். வரும் புரட்டாதியில் நாம் மீண்டும் போகிறோம். நீங்களும் வாருங்கள்.